வெறுமையாக விட்ட எட்டாம் இலக்கம்

பத்துக் கடைக்காரரை ஒரே மாதிரிப் பட்டியல் எழுத வைப்பதுதான் என் தொழில். எங்காவது ஒரு பொதுப் படிவத்தைப் பரப்பப் பாடுபட்டவர்களுக்கு என் பாடு விளங்கும். அது யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு லொறி முகவர் அலுவலகத்தில் நான் கொம்பியூட்டர் பார்த்தேன். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விதமாகச் சாமான் எழுதியதால் சென்றியில், அதாவது இராணுவச் சோதனைச் சாவடியில், லொறிகள் மத்தியானம் வரை நின்றன. ஆகவே ஒரு தாள் தயாரித்தேன்: மூன்று மொழி, சாமானுக்கு ஓர் இலக்கம், எல்லாக் கடைக்கும் அதே இலக்கம்.

வெங்காயத்துக்குச் சனி

அரிசிக்கு ஒன்று, மாவுக்கு இரண்டு என்று போய் வெங்காயத்துக்கு எட்டு விழுந்தது. எட்டு சனியின் இலக்கம் என்று வெங்காய முதலாளி தாளைத் திருப்பி நீட்டினார். எட்டைப் பருப்புக்கு மாற்றினேன். பருப்பு முதலாளியும் கும்பிட்டுவிட்டுப் போனார். கடைசியில் எட்டாம் வரியை வெறுமையாக விட்டு, இராணுவ முகாமில் அனுமதி வாங்கி அச்சடித்தோம். வெங்காய முதலாளி என்னைத் தேற்றினார்: "குறை நினைக்காதேங்கோ பிள்ளை. வெங்காயம் எப்பிடியும் அழுகிப் போற சாமான், அதுக்கு மேல சனியனையும் ஏத்த ஏலாது."

பத்து நிமிஷம்

தாளை வாங்கியவர்கள் அதில் கடலை சுற்றினார்கள். ஒரு மாக்கடைக்காரர் மட்டும் என்மேல் இரங்கி நிரப்பினார். தமிழ் தெரியாத சிப்பாய் இலக்கங்களைப் பார்த்து எண்ணி, அவருடைய லொறியைப் பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார். மறுநாள் கந்தளாய் அரிசி ஆலைக்காரர் என் கதிரைக்கு முன்னால் நின்றார்: "அவற்ற டிரைவர் அங்கால தேத்தண்ணி குடிக்கிறான், என்ர லொறி இங்கால வெயில் குடிக்குது. எனக்கும் அந்தத் தாளைத் தாங்கோ."

ஐஸ் பெட்டி

எல்லோரும் தாளுக்கு மாறிய பிறகுதான் என் பிழை தெரிந்தது. மருந்தை நான் சேர்க்கவே இல்லை. பாமசிக்காரர் இலங்கைத்துறையிலிருந்த தன் அக்காவுக்கு இன்சுலின் அனுப்பினார். இலக்கமில்லாத சாமான் என்று சென்றியில் பெட்டியை மறித்தார்கள். ஐஸ் கரைந்து மருந்து பழுதாகிவிட்டது. அக்காவிடம் இரண்டு நாளைக்குத்தான் மிச்சம் இருந்தது. புதிய தாளுக்கு அனுமதி கிடைக்க ஒரு கிழமை செல்லும். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ திட்டவில்லை, வெறுமையான வரியில் விரலை வைத்தார்: "எட்டை எனக்குத் தாங்கோ தங்கச்சி. சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கலாம், ஐஸ் கரைஞ்சா ஒண்டும் செய்யேலாது."

வரிசையில் முதல்

ஏற்கெனவே அனுமதித்த தாள் என்பதால், வெற்று வரியில் மருந்து என்று எழுத முகாம் அதிகாரி அன்றே கையெழுத்திட்டார். மறுநாள் புது இன்சுலின் பெட்டி போய்ச் சேர்ந்தது, அக்கா பிழைத்தார். அதன்பின் சென்றியில் எட்டாம் இலக்கத்தைக் கண்டால் சிப்பாயே கூப்பிட்டு முதலில் அனுப்புவார். அதைப் பார்த்த வெங்காய முதலாளி மெல்ல என்னிடம் வந்தார்: "பிள்ளை, அந்த எட்டை முதல்ல எனக்குத்தானே தந்தனீங்கள்?"

நான் யோசித்துப் போட்ட இலக்கங்கள் லொறிகளை நகர்த்தின. வெங்காய முதலாளி பயந்து தள்ளிய இலக்கம் ஓர் உயிரைக் காத்தது, அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்லுகிறேன்.