பெயிண்ட் வாளியில் வெங்காயம்

என் தம்பிக்கு நான் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். சின்ன வயதில் வைத்தது. அதற்குப் பொருத்தமாக வேலையும் ராத்திரி வேலையாகவே அமைந்தது. ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங். சாயங்காலம் போனால் விடிந்துதான் வருவான். அவன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பகல் வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்து மடித்து அவளுக்குக் கட்டைவிரல் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. இவன் வரும்போது அவள் கிளம்புவாள், அவள் வரும்போது இவன் கிளம்பியிருப்பான். குழந்தை குட்டி இல்லை. மாடியில் அவர்கள், கீழே நான்.

இரண்டு பேருக்கும் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட்டிருந்தால்தான் தேவலையே! நான் போய் நாலு வார்த்தை திட்டிச் சேர்த்து வைத்திருப்பேன். இவர்கள் பேச்சு சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்து தேய்ந்தே காணாமல் போனது. முதலில் "சாப்டியா", "கதவைப் பூட்டிக்கோ" என்றாவது இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது. சர்க்கரை தீர்ந்தால் காலி டப்பாவை மேசைமேல் வைப்பாள், அவன் வாங்கி நிரப்பி வைப்பான். சட்டையில் பொத்தான் அறுந்தால் நாற்காலியில் போடுவான், அவள் தைத்து மாட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தால் டி.வி. மட்டும் பேசும். "என்னடா குடும்பம் இது?" என்று கேட்டால், "எல்லாம் ஒழுங்காத்தானேக்கா ஓடுது" என்பான். ஓடுகிறதாம்! சுவர்க்கடிகாரம்கூடத்தான் ஓடுகிறது.

ஒருநாள் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். வெளியூரில் ஒரு விடுதி கட்டுகிறார்களாம். துணிமணிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தங்க அறையும் உண்டு என்று அவள் தங்கை சொல்லியிருக்கிறாள். கட்டடம் முடியச் சில மாதம் ஆகும்.

"போகணும்னு ஆசையில்ல அண்ணி. ஆனா இங்க எதுக்கு இருக்கேன்னும் தெரியல. அவரு வாயத் தொறந்து போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இருந்துடறேன். நீங்க சொல்லிக் குடுத்து அவரு சொல்லக் கூடாது."

சொல்லாமல் இருக்க நான் என்ன சாமியாரா? மறுநாள் வேலை முடிந்து வந்தவனைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"டேய், அவ போகப் போறாடா. போய்ப் பேசுடா."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். முகம் செத்துப் போயிற்று.

"என்னன்னுக்கா ஆரம்பிக்கறது?"

"கட்டின பெண்டாட்டிகிட்ட பேச உனக்கு நல்ல நேரம் வேற பாக்கணுமா?"

"திடீர்னு போய் நின்னா அவளுக்கே ஒரு மாதிரி இருக்கும். கையில ஏதாவது இருந்தா பேச்சு வரும்."

அந்த ஏதாவதுதான் வெங்காயம். கல்யாணமான புதிதில், வாசலில் ஒரு தொட்டி வைத்து நாமே வெங்காயம் போடலாமா என்று அவள் கேட்டாளாம். இத்தனை வருஷம் கழித்து இந்த மண்டுவுக்கு அது ஞாபகம் வருகிறது! ஒரு புடவை வாங்கிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே பேசியிருக்கலாம். ஆனால் அவன் பிடித்த பிடி பிடிதான்.

காலிப் பெயிண்ட் வாளிகள் வாங்கி வந்தான். கம்பியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டான். மண், மணல், மக்கிய எரு எல்லாம் கலந்து நிரப்பி, வெயில் விழும் பால்கனி மூலையில் வைத்தான். போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, நாலு விரல் இடைவெளி விட்டு நாற்று நட்டான். "ரொம்ப ஆழமா வெச்சா காய் பெருக்காதாம்க்கா" என்று எனக்குப் பாடம் வேறு. அவன் என்னிடம் இவ்வளவு பேசியதே அப்போதுதான்.

"இலை தானா சாஞ்சா முத்திடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்குப் புடுங்கி அவ கையில குடுத்துட்டு, போகாதேன்னு சொல்லிடறேன்."

அவளும் வாளிகளைப் பார்த்தாள். "என்ன அண்ணி, திடீர்னு விவசாயி ஆயிட்டாரு?" என்று என்னிடம் கேட்டபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம்!

"நீயே கேளேன் அவனை" என்றேன்.

அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இலை பச்சைப் பசேலென்று எழுந்தது. பிறகு நுனி மஞ்சளடித்தது. அவன் கவலைப்பட்டான், சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? வெங்காயத்தை நறுக்கத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து கத்தினான். "அக்கா, சாஞ்சுடுச்சு! வா, சாஞ்சுடுச்சு!" நான் மூச்சு வாங்க ஏறிப் போனேன். சத்தம் கேட்டு அவளும் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தான்.

இலை மட்டும் கையோடு வந்தது. விரலால் தோண்டினான். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அடுத்த வாளியும் அப்படியே. எல்லாம் அழுகித்தான் சாய்ந்திருக்கிறது.

"தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு போலடா" என்றேன்.

"இல்லக்கா, அளவாத்தான் ஊத்தினேன். காலையில வந்ததும் ஒரு சொம்பு."

"காலையில ஊத்தினீங்களா?" என்று பின்னாலிருந்து அவள் கேட்டாள். "நான் தெனமும் சாயங்காலம் ஊத்தினேனே. நட்டதோட விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். நுனி மஞ்சளாச்சேன்னு அப்புறம் ரெண்டு சொம்பா ஊத்தினேன்."

அவன் திரும்பினான். "நானும் மஞ்சளாச்சேன்னுதான் விடாம ஊத்தினேன். காலையில மண்ணு ஈரமா இருக்கும். பனின்னு நெனச்சேன்."

கடவுளே, இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுகிறார்கள்! சொல்லுடா, இப்பச் சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினேன். அவளும் நகரவில்லை. கையைத் துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அவன் தன் கையிலிருந்த அழுகலைப் பார்த்தான். "கையக் கழுவிட்டு வரேன்" என்று குளியலறைக்குள் போனான். குழாய் திறந்தபடியே இருந்தது, ஓடிக்கொண்டே இருந்தது. அவன் வெளியே வந்தபோது அவள் உள்ளே கட்டிலில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் திட்டாத திட்டில்லை. "ஒரு நாள் லீவு போட்டுட்டு உக்காந்து பேசுடா" என்று கெஞ்சியும் பார்த்தேன். "சொல்றேன்க்கா, சொல்லிடறேன்க்கா" என்றே நாளைக் கடத்தினான். விடுதியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

அவன் வீடு திரும்புவதற்கு முன்பே அவள் கிளம்பினாள். "அவர் மேல கோவமில்ல அண்ணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதது நான்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான்.

"போயிட்டாடா" என்றேன்.

"தெரியும்க்கா. பார்த்தேன்."

"எங்க?"

"பஸ் ஸ்டாப்ல. நான் இந்தப் பக்கம் எறங்கினேன், அவ எதிர்ப்பக்கம் நின்னுட்டிருந்தா. அவளும் என்னைப் பார்த்தா."

"அடப்பாவி! ஒரு குரல் கூப்பிட வேண்டியதுதானே?"

"வாயத் தொறந்தேன்க்கா. அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு வருஷமாச்சு, கூச்சமா இருந்துச்சு. எப்படிக் கூப்பிடறதுன்னு யோசிச்சேன். அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு."