கிளாலிக் கரையில் இரண்டு கட்டுரைகள்

யாழ்ப்பாணக் கடனீரேரியைக் கடக்கக் கிளாலிக் கரையில் படகுக்குக் காத்திருக்கிறேன். கொழும்பு மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறேன். என்னுடையதல்ல, என்னோடு படிப்பிக்கும் சிவபாலனுடையது. அவன் மலேரியாவில் படுத்துவிட்டான். என் கட்டுரையை மாநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரில் கண்டால் மனம் மாறுவார்களோ என்று அதையும் பையில் வைத்திருக்கிறேன். அவனுடையதை வழியில் வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், பாவி.

படகோட்டி என் மடியில் இருக்கும் சிவபாலனின் கட்டுரையைப் பார்க்கிறார்.

"உதென்ன சேர், பிள்ளையை மாதிரி அணைச்சு வைச்சிருக்கிறியள்?"

"மாநாட்டிலை வாசிக்கிற கட்டுரை."

"உங்கடையோ?"

"இல்லை, சிநேகிதன்ரை."

"படகுக்குள்ளை தண்ணி தெறிக்கும். தேவையில்லாத தாள் ஏதும் கிடந்தாச் சுத்தி வையுங்கோ."

பையைத் துழாவுகிறேன். தாளென்று இருப்பது என் கட்டுரைதான். என் பெயர் வெளியே தெரியும்படி அதை அவனுடையதன்மேல் சுற்றுகிறேன்.