திட்டில் நின்றவர்கள்

போட்டில் ஒருநாள் சுற்றப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"திட்டுல எறக்கி விடுவாங்களா?"

"விடுவினம். குளிக்கிறதுக்கு."

"அப்ப நானும் வர்றேன்."

எங்கள் வீடு நறுவிலிக்குளத்தில். கடல் தூரமில்லை. ஆனால் அம்மா கடற்கரைக்குப் போனதை நான் கண்டதில்லை. நான் மன்னார்த் தீவில் காற்றாலைகளின் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். கிழமை நாட்களில் மன்னார் ரவுணில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்குகிறேன். இந்தப் பயணத்தை ஒழுங்குபடுத்தியது அவள்தான். தலைமன்னாரில் ஏறி, மூன்று இடங்களில் இறங்கிக் குளித்து, மத்தியானத்துக்குப் பிறகு திரும்புவது. மூன்றாவது இடம், இந்தியாப் பக்கமாகக் கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் மணல்திட்டுகளில் ஒன்று.

அம்மா ஏன் வரச் சம்மதித்தார் என்று தோழிக்கு நான் சொல்லவில்லை. அது எங்கள் குடும்பத்துக்குள்ளேயே முடிவு காணாத விஷயம்.

போர்க்காலத்தில் அம்மாவின் ஆட்கள் இந்தியாவுக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து ஏற்கனவே ஒருதடவை இடம்பெயர்ந்து வந்தவர்கள். தாத்தா, அம்மாயி, மாமா, அம்மா. அம்மாதான் எல்லாரிலும் சின்னவர். ஏற்றிக்கொண்டு போன போட்காரர் அவர்களையும் வேறு சில குடும்பங்களையும் இரவில் ஒரு திட்டில் இறக்கி, "விடிய இந்தியாப் போட் வந்து ஏத்தும், அதுவரைக்கும் ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அப்போது அப்படித்தான் எல்லாரையும் இறக்கினார்கள். விடிந்தது. தாத்தா எழும்பித் தண்ணீருக்குள் நடந்தார். திரும்பி வரவில்லை. மத்தியானம் போட் வந்து மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தார் என்பதற்கு வீட்டில் இரண்டு பதில் இருந்தன. அம்மாயியும் மாமாவும் சொன்னது: அவருக்கு மனம் விட்டுப்போய்விட்டது, எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா சொன்னது: அடுத்த திட்டில் ஆட்கள் நின்றார்கள், அவர்களிடம் உதவி கேட்கத்தான் போனார். சின்னப் பிள்ளை என்று அம்மாவை ஒருவரும் நம்பவில்லை. அம்மாயி சாகும்வரைக்கும் தாத்தாவின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. அம்மா பிறகு இலங்கைக்குத் திரும்பி வந்துவிட்டார்; மாமா இப்போதும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார். பேச்சு அந்தப் பக்கம் போனால் போனை வைத்துவிடுவார்.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. காலை வெளிச்சத்தில் ஒரு திட்டில் நின்று, அங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியுமா என்று அறிவது.

"எந்தத் திட்டு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. மணல் வருசா வருசம் இடம் மாறும்" என்றேன்.

"எதுவா இருந்தா என்னா. நின்னு பாத்தா தெரியும்."

சோளகக் காற்று தொடங்குவதற்கு முந்தின கிழமைகளில் அந்தக் கடலில் காற்றே இருக்காது. அன்றும் அப்படித்தான். போட்காரர் எங்கள் பெயர்களைக் கடற்படைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் லைஃப் ஜாக்கெட்டுகளின் பட்டி, கொக்கி, மிதவை எல்லாம் பார்த்தேன். தண்ணீர், சாப்பாடு, கயிறு, போனுக்குத் தண்ணீர் புகாத உறை. வேலையில் இப்படிப் பார்த்துப் பழகிவிட்டது.

"போட்டுக்கும் பிரஷர் பாக்கப் போறியோடி?" என்றாள் தோழி.

பின்னால் தீவின் தெற்குக் கரையில் காற்றாலைகள் சுற்றாமல் நின்றன. ஒவ்வொன்றும் எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது. ஆனால் கடலில் இருந்து பார்க்கும்போது அவற்றின் அடிப்பாகம் தெரியவில்லை. கரையே இல்லாத இடத்தில் கம்பங்கள் தனியே நின்றன. வெக்கை, கானல், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் பழைய இறங்குதுறைத் தூண்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நானும் தோழியும் குதித்தோம். அம்மா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி இருந்தார்.

"அன்ரி, வாங்கோ. தண்ணி கடிக்காது. உங்கட மகள்தான் கடிப்பா."

"நீ குளி புள்ள. நான் ஒன் செருப்பப் பாத்துக்கிறேன்."

தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. தலையை உள்ளே விட்டால் வெளிச்சத்தம் எல்லாம் ஒரே வெட்டாக நின்றது. தூண்களில் ஒட்டியிருந்த சிப்பிகள் மட்டும் டிக் டிக் என்று சின்னதாகச் சத்தமிட்டன.

இரண்டாவது இடத்தில் கரை கண்ணுக்கே தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திய போட்காரர், "இறங்கி நில்லுங்கோ" என்றார்.

"நடுக்கடலில நிக்கிறதோ? அண்ணை, நாங்கள் என்ன பேயோ?" என்றாள் தோழி.

அவர் சிரித்துக்கொண்டு தானே இறங்கினார். தண்ணீர் அவருடைய இடுப்பளவுதான் இருந்தது. நாங்களும் இறங்கினோம். சுற்றிவரக் கடல், காலுக்குக் கீழே கட்டியான மணல். வானமும் கடலும் சேரும் கோடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே பால்நிறம். அப்படி ஓர் இடத்தில் ஆழத்தைப் பற்றி மனதில் இருக்கும் கணக்கு கழன்றுவிடுகிறது. எங்கும் இடுப்பளவுதான் என்று கால் நம்பத் தொடங்குகிறது. இதை அப்போதே எனக்குள் ஊன்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

திட்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு பள்ளிக்கூட விளையாட்டுத்திடல் அளவு. மரமில்லை, கல்லில்லை. போட் தரைதட்டிவிடும் என்பதால் எங்களை முழங்கால் தண்ணீரில் இறக்கினார்.

"ஒரு நண்டு வலை போட்டுக் கிடக்கு. அதை ஒருக்காப் பாத்திட்டு அரை மணித்தியாலத்தில வாறன்."

அம்மா திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தார். "வருவீங்கதானே தம்பி?"

"என்ர சோத்துப் பார்சல் உங்கட பையில கிடக்கு அம்மா. வராம விடுவனோ?"

எஞ்சின் சத்தம் குறைந்து குறைந்து போனது. போட்டும் பால்நிறத்துக்குள் கரைந்தது. தோழி திட்டின் மற்றப் பக்கத்துக்குக் குளிக்கப் போனாள். அம்மா மணலில் இருந்தார். வெக்கை தாங்காமல் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நான் கழற்றச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மா, "அந்தா" என்றார். கையை நீட்டவில்லை. நாடியை நிமிர்த்திக் காட்டினார்.

மேற்கே தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு வெளிர்மஞ்சள் பட்டை. அதன்மேல் ஆட்கள் நின்றார்கள்.

முதலில் பறவைகள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நாரையாக இருக்கலாம், நீர்க்காகமாக இருக்கலாம். நீருக்கு மேலே காற்று அடுக்கடுக்காகச் சூடு மாறும்போது தூரத்தில் இருப்பது மேல்நோக்கி இழுபட்டு உயரமாகத் தெரியும். இதை அம்மாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பறவைன்னா எறக்க இருக்குமே."

"மடிச்சு வைச்சிருக்குங்கள்."

"இவ்வளவு நேரமுமா?"

சந்தேகம் வந்தால் கிட்டப்போய்ப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. கொஞ்சத் தூரம் போனால் கோணம் மாறும், கானல் கலைந்துவிடும், பறவையா ஆளா என்று தெரிந்துவிடும். அம்மாவுக்கும் ஒரு முடிவு கிடைக்கும்.

"இதில இருங்கோ. பாத்திட்டு வாறன்."

"போகாத புள்ள."

"முழங்காலளவுதான் அம்மா."

முழங்காலளவாகத்தான் இருந்தது. நான் ஒழுங்காகவே நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் தரை கட்டியா என்று பார்த்தேன், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். வடக்கே இழுத்தது, பலமில்லை. முன்னால் நின்றவர்கள் கலையவில்லை. கிட்டப்போகப் போகத் தெளிந்தார்கள். ஒரு கூட்டமாக நின்றார்கள், அதில் சிலர் குனிந்து நிமிர்வதுபோல இருந்தது. கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வலது ஓரத்தில், ஒருவர் தனியே நின்றார். அவர் கையை உயர்த்தினார். விரட்டுவதுபோல இல்லை, வா என்பதுபோலவும் இல்லை. தெரிந்தவரைக் கண்டு காட்டுவதுபோல.

நானும் கை உயர்த்தினேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. ஆழத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்றும் தெரியாது. அந்தப் பகுதி என்னிடம் இல்லை. பயமில்லாமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஜாக்கெட் நாடியில் இடித்தபோதுதான் தண்ணீர் நெஞ்சுக்கு மேலே வந்துவிட்டதை உணர்ந்தேன். திரும்பினேன்.

அம்மா எனக்குப் பின்னால் நின்றார்.

கை எட்டும் தூரத்தில். கழுத்துவரை தண்ணீர். சேலைத் தலைப்பு அவரைச் சுற்றி மிதந்தது. ஜாக்கெட் இல்லை. நீச்சல் தெரியாத மனுசி. கரையிலிருந்து இவ்வளவு தூரமும் என் பின்னாலேயே வந்திருக்கிறார், ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை. வாயை இறுக்க மூடியிருந்தார். கண் மட்டும் என்னிலேயே இருந்தது.

தோழியைக் கூப்பிட வாய் திறந்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயில் வந்து பொத்தியது. வயல்வேலை செய்த கை. நல்ல பலம்.

"சத்தம் போடக் கூடாது" என்றார், மூச்சுக்காற்றால்.

யாருக்குக் கேட்கக்கூடாது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கையை இழுத்து எடுத்தால் அம்மா நிலை தடுமாறுவார் என்று தெரிந்தது. பொத்திய கை அப்படியே இருக்க, அவருடைய மற்றக் கையை என் ஜாக்கெட்டின் பட்டிக்குள் கொழுவினேன். அவரைத் திருப்பினேன். ஓர் இடத்தில் இரண்டு பேருக்கும் கால் எட்டவில்லை. என் மிதவையில் இருவரும் தொங்கினோம், நீரோட்டம் எங்களைச் சரித்துக்கொண்டு போனது. நான் காலை மட்டும் அடித்தேன். அப்போது முதுகுப் பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. நிறையப் பேர் இருக்கும் இடத்தில், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் பேசுவதுபோல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

கால்விரல் மணலில் தட்டியது. பிறகு குதிகால். பிறகு நடந்தோம்.

கரையேறிய பிறகுதான் அம்மா என் வாயிலிருந்து கையை எடுத்தார். தோழி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"பாருங்கோவன், காலமை முழுக்கத் தண்ணியைத் தொடமாட்டன் எண்டவ! என்னை விட்டிட்டு ரெண்டு பேரும் களவாக் குளிக்கிறியளோ?"

அம்மா சேலையைப் பிழிந்தார். நான் அவருடைய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டு, பட்டிகளை இறுக்கினேன்.

போட்காரர் சொன்னதுபோலவே வந்தார். ஏறியதும் மேற்கே காட்டி, அந்தத் திட்டுக்கும் ஆட்களைக் கூட்டிப்போவீர்களா என்று கேட்டேன்.

"எந்தத் திட்டு?"

"உந்த நேரே தெரிஞ்சது."

"அங்கால இப்ப திட்டு இல்லைத் தங்கச்சி. முந்தி இருந்தது. போன வாடைக்காத்துக்கு அள்ளுப்பட்டிட்டுது. இப்ப அதில நல்ல ஆழம்."

நானும் பார்த்தேன். பட்டையும் இல்லை, ஆட்களும் இல்லை. வெயில் ஏறி, கடல் நீலமாகத் தெரிந்தது. பறவைகள் மிதந்துகொண்டும் இருக்கலாம். அலையின் வெளிச்சம் மணல்போலத் தெரியலாம். எனக்கு விளக்கங்களுக்குக் குறைவில்லை.

எஞ்சின் சத்தத்துக்குள் அம்மா என் காதுக்குக் கிட்ட வந்தார். "நீ படிச்சவ. நீ சொல்லு. ஆளு நின்னாங்களா, இல்லியா?"

நான் என்ன கண்டேன் என்பது ஒன்று, அங்கே என்ன இருந்தது என்பது இன்னொன்று. வேலையில் அறிக்கை எழுதும்போது இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதுவேன். அம்மா கேட்டது முதலாவதை என்று எடுத்துக்கொண்டேன்.

"நிண்டவை அம்மா. ஒராள் கை காட்டினவர்."

அம்மா தலையாட்டினார்.

தலைமன்னாரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமாவுக்குப் போன் எடுத்தார். தோழி சோடா வாங்கப் போயிருந்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, இன்னைக்குத் திட்டுக்குப் போனோம். அங்க ஆளுங்க நின்னாங்க. புள்ளயும் பாத்துட்டா."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"பாப்பாகிட்டக் குடு."

"நான்தான் மாமா. கேக்குது, சொல்லுங்கோ."

"யாராச்சும் கை காட்டுனாங்களா?"

"ஓம் மாமா. ஒராள்."

"வலது பக்கமா? எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்ன ஆளா?"

அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தார்.

"ஓம் மாமா" என்றேன்.

"அப்பா எனக்கு அந்த ஆளத்தான் காட்டுனாரு. பாருடா, நம்மளக் கூப்புடுறாங்கன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. நானும் பாத்தேன்."

அம்மா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். இத்தனை வருசமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கடல் பக்கம் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி நின்றார். சேலைக் கரையில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"சாப்டியாண்ணே?"

"இன்னும் இல்ல."

"போயிச் சாப்புடு" என்றார் அம்மா.