முயல் என்று சொல்லிவிட்டேன்

எனக்கும் என் தோழிக்கும் அப்போது பதின்மூன்று வயது. நாங்கள் ஆசைப்பட்ட குற்றப் படத்துக்கோ பதினாறு நிறைந்திருக்க வேண்டும். இந்தச் சிக்கலை மாமா ஒரு நொடியில் தீர்த்துவைத்தார்.

"அக்கா கார்ட எடுத்துக்க. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதானே?"

தோழியும் அவள் அக்காவின் பள்ளி அட்டையைக் கொண்டுவந்தாள். நூலகத்துக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னதும் மாமாதான். இம்மாதிரிக் காரியங்களில் அவருக்குத் தனி உற்சாகம் வந்துவிடும்.

சிங்கப்பூரில் எங்கள் வீடு இருந்த செங்காங்கிலிருந்து ரயிலில் போகும்போதே கதையை அவிழ்த்துவிட்டார். இரண்டு நண்பர்கள், ஒரு கொலை. செய்தவன் யாரென்று மற்றவனுக்கு மட்டும் தெரியும். போலீஸ் அவனைக் குடைந்தெடுக்கிறது. காட்டிக்கொடுப்பானா, மாட்டானா?

"நானா இருந்தா செத்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

"பாக்கலாம் லா" என்றாள் தோழி.

தேக்காவில் இறங்கித் திரையரங்குக்குப் போனோம். வாசலில் டிக்கெட் பார்த்தவர் ஒரு சீன ஆன்ட்டி. தோழி நல்ல உயரம். மாமாவோடு சுலபமாக உள்ளே போய்விட்டாள். அடுத்து நான். அக்காவின் பிறந்த தேதியை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஆன்ட்டி அதைக் கேட்கவே இல்லை.

"யூ வாட் அனிமல்?"

என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சீனப் பிள்ளைகள். சீனர் கணக்கில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகம். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் நாமெல்லாம் முயல் வருடத்தில் பிறந்தவர்கள் என்று சேர்ந்து குதித்த பழக்கம். "ராபிட்!" என்றேன் பெருமையாக. அட்டைக்குரிய அக்கா பிறந்ததோ மூன்று வருடம் முந்தி, எலி வருடத்தில்.

ஆன்ட்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இது யாருடைய யோசனை என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாமா பெரியவர், அவரைச் சொல்லப் பயம். என் கை தானாக உள்பக்கம் நீண்டது. "மை ஃபிரெண்ட். தட் டால் கேர்ள்."

ஆன்ட்டி என்ன நினைத்தாரோ, அட்டையைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் போ என்றார். பாப்கார்ன் கடை ஓரம் நின்றேன். அவளுக்குக் கேட்டிருந்தால் இனி என்னோடு பேசவே மாட்டாள் என்று அழுகை முட்டியது.

ஐந்து நிமிடத்தில் அவளே தனியாக வெளியே வந்தாள்.

"படம் செம போர் லா. வா, ஐஸ் கச்சாங் சாப்பிடலாம்."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. மோசமான படத்துக்கு மாட்டாமல் தப்பினேன் என்று சந்தோஷம் வேறு. துருவிய ஐஸை ஒரே கிண்ணத்தில் இருவரும் சாப்பிட்டோம்; சிரப் ஊறிய பக்கத்தை நான்தான் அதிகம் தின்றேன். மாமா முழுப் படமும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

நான் கைநீட்டியதை அவள் பார்த்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை. இப்போதும் சினிமாவுக்கு அவளோடுதான் போகிறேன். உட்கார்ந்து பத்து நிமிடம் விளம்பரம் ஓடிய பிறகுதான் படம் தொடங்குகிறது. அன்று ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்து படம் போர் என்றாள். நான் நம்பினேன்.