இருட்டிலும் வெளிச்சம் சொன்ன ஆம்ப்ளிபயர்

பெங்களூரில் நான் வேலை பார்த்த இடத்தில், மேசையில் இருக்கும் சர்க்யூட் போர்டை யாரும் விரலால் சுட்டிக்காட்ட மாட்டோம். மூங்கில் குச்சியால் காட்டுவோம். அதிவேக ஆம்ப்ளிபயருக்கு விரல் பக்கத்தில் வருவதே தொந்தரவு. சின்னஞ்சிறு துடிப்பு ஒன்று உள்ளே வந்தால் அதைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு உடனே அடங்க வேண்டும். சில சமயம் அடங்காது. உள்ளே எதுவுமே வராதபோதும் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதை ஆசிலேஷன் என்போம். என் வேலையில் பாதி, அந்தத் துடிப்பை அடக்குவதுதான்.

கணவரின் பனியன் தொழிலுக்காகத் திருப்பூர் வந்த பிறகு வீட்டு மாடியில் சிறிய லேப் வைத்தேன். வீரபாண்டியில் பனியன் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் யூனிட் நடத்தும் உறவினர் ஒருவர் வந்து பார்த்தார்.

“ஆம்ப்ளிபயருங்களா? அப்ப நம்மூரு கோயில் நோம்பிக்கு மைக் செட்டு நீங்களே போட்டுருங்க.”

“இது சத்தத்துக்கு இல்லீங்க. வெளிச்சத்துக்கு.”

“வெளிச்சத்தை எதுக்குங்க சத்தமாக்கோணும்?” என்று சிரித்தார். ஆனால் வேலை கொடுத்தார்.

காம்பாக்டிங் மிஷினில் சூடான உருளைகள் துணியை இழுத்து அழுத்திக்கொண்டே இருக்கும். துணிச் சுருக்கத்தை நீவப் போகும் கை எப்போதாவது உள்ளே போய்விடும். அந்த உருளைகளுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கோடு வேண்டும், கை குறுக்கே வந்தால் மிஷின் நிற்க வேண்டும் என்றார். டியூப் லைட்டைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக அனுப்பினேன். அவற்றைப் பிடிக்க வேகமான ஆம்ப்ளிபயர். துடிப்பு வந்தால் வெளிச்சம், ஓடலாம். வராவிட்டால் இருட்டு, நிற்க வேண்டும்.

என் மகள் அப்போது எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். நான் செய்கிற வேலையைத்தான் செய்வேன் என்று உறுதியாக இருந்தாள். விடுமுறையில் அந்த போர்டைச் சால்டர் செய்தது அவள்தான்.

ஆயுத பூஜை அன்று யூனிட்டுக்குப் போனோம். மிஷின்களுக்கெல்லாம் மாலை, சந்தனம், குங்குமம். மகள் நாங்கள் மாட்டியிருந்த ஒளிக்கோட்டுப் பெட்டியின் மேல் பொட்டு வைத்தாள். பிறகு மூடியைத் திறந்து, உள்ளே போர்டிலும் வைத்தாள்.

“உள்ள இருக்கறதுதானம்மா வேலை செய்யுது. அதுக்கு வெக்காம டப்பாவுக்கு வெச்சா எப்படி?”

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். விரல் பட்டாலே பதறுகிற எனக்கு, ஈரச் சந்தனத்தைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பூரிப்புதான் வந்தது.

பூஜை முடிந்ததும் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவது வழக்கம். ஓட்டினார்கள். மகளின் புதுத் துப்பட்டா நுனி துணியோடு சேர்ந்து நகர்ந்தது. இழுக்கக் கையை நீட்டினாள். கை ஒளிக்கோட்டை மறைத்தது. மிஷின் நிற்கவில்லை.

சிவப்புப் பொத்தானை அடித்தவர் ஆபரேட்டர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகளின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கி, தோல் வெந்திருந்தது. அவளைக் காரில் ஏற்றும்போது அவர் என்னிடம் சொன்னார்: “மிஷினுக்குக் கண்ணு வச்சிருக்கேன்னு சொன்னீங்க. அது முழிச்சிக்கிட்டே தூங்குதே மேடம்.”

பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசையில் அது பிசகே இல்லாமல் வேலை செய்தது. கையை நீட்டினால் இருட்டு என்றது, எடுத்தால் வெளிச்சம் என்றது. எவ்வளவோ சோதித்தேன். பிழை வந்த சுவடே இல்லை. கீழே இறங்கினால் கட்டுப் போட்ட கையோடு மகள். மேலே ஏறினால் ஒன்றும் அறியாததுபோல ஒழுங்காக இயங்கும் போர்டு. எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது, ஒளிக்கோட்டைத் தாண்டித்தான் கை போனதா என்று.

கடைசியில் அவளே கேட்டாள். “அம்மா, சந்தனம் அன்னிக்கு ஈரமா இருந்துச்சுல்ல?”

போர்டில் பொட்டு காய்ந்து உதிர்ந்த இடத்திலேயே சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். ஈரம் ஆம்ப்ளிபயரின் வெளியீட்டையும் உள்ளீட்டையும் இணைத்தது. துடிப்பை அலையாகக் காட்டும் ஸ்கோப் திரையில் துடிப்புகள் வரிசையாக எழுந்தன. ஒளியை உள்ளங்கையால் முழுக்க மூடினேன். அப்போதும் துடித்தது. என் கை மறைத்த இருட்டில் நின்றுகொண்டு, வெளிச்சம், வெளிச்சம் என்றது.

அந்தத் திரை இன்னும் என்னை விடவில்லை. மிக்சியைப் போடும் முன் அவள் எங்கே என்று பார்க்கிறேன். பல்லடம் பஸ்ஸில் கதவு மூடும்போது பக்கத்தில் இருக்கும் யாருடைய கையையோ பார்க்கிறேன். எல்லாம் சரியாக ஓடும்போதுதான் பயம் அதிகமாகிறது.

“கோடிங் பக்கம் போயிரு கண்ணு. அதுல கை போகாது,” என்றேன்.

“கை போனது ஆம்ப்ளிபயர்லயாம்மா? உருளையிலதான?”

“பேசாத.”

“பேசறேன். நாம வெளிச்சம் இருக்கான்னு மட்டும் கேட்டோம். அப்பப்ப பெட்டியே தன் லைட்டை ஒரு கணம் அணைச்சுப் பாக்கட்டும். அப்ப ஆம்ப்ளிபயர் இருட்டுன்னு சொல்லோணும். சொல்லலைன்னா பொய் சொல்லுதுன்னு அர்த்தம், மிஷின் நின்னுரட்டும்.”

இத்தனை வருடங்களில் எனக்கு வேகம்தான் பெரிதாக இருந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்று இரண்டு நாள் முயன்றேன் என்பதும் உண்மை. இடது கையால் அவள் சர்க்யூட் படம் போட, நான் சால்டர் செய்தேன்.

புதுப் பெட்டியை மாட்டும் நாளில் நான் மட்டும் போகிறேன் என்றேன். அவள் முன்னாலேயே போய்க் காரில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேட்டர் துணி சுற்றிய மரக்கட்டையை ஒளிக்கோட்டுக்குள் நீட்டினார். மிஷின் நின்றது. மூடியைத் திறந்து, ஈரச் சந்தனத்தைக் குழைத்து போர்டில் வைத்துப் பார்த்தோம். மறுபடி ஓடவிட்டதும், கட்டையை நீட்டும் முன்பே மிஷின் நின்றது. அவர் முதல்முறையாகச் சிரித்தார். “இப்பத்தான் மேடம் இதுக்கு முழிப்பு வந்திருக்கு.”

சந்தனத்தை ஸ்பிரிட்டால் துடைத்து மூடியை மாட்டினேன். உருளையோரம் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. அதை எடுக்க மகள் கையை நீட்டினாள், அதே வலது கையை. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“அம்மா, மெயினே ஆஃப்ல இருக்கும்மா.”

தெரியும். சுவிட்சை அணைத்ததே நான்தான். ஆனாலும் விரல்கள் தளரவில்லை. என் பிடிக்குள் அவளுடைய நாடி துடித்தது. அந்த இரண்டு விரல்கள் மட்டும் முழுதாக நீளாமல் பாதி மடங்கி நின்றன.

“போடட்டுமா?” என்று மெயின் பக்கம் நின்ற ஆபரேட்டர் கேட்டார்.

“கொஞ்சம் இருங்கண்ணா,” என்றாள் அவள். “அம்மா கையை விடட்டும்.”