ஆறு நாற்பத்திரண்டுக்கு விழுந்த பல்

எங்க வீட்டுக்காரருக்கு பஸ் நிலையத்துல பேரு நிமிஷம். பெத்தவங்க வச்ச பேரைச் சொல்லி அங்க யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. மைக் முன்னாடி உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடையிலேர்ந்து கிளம்பும்னு சொல்றதுதான் அவரு வேலை. இருபத்திரண்டு வருஷமா சொல்றாரு. பத்தேகால், பத்தரை எல்லாம் அவரு வாயில வராது. பத்து பதினாலுன்னா பத்து பதினாலுதான். வீட்லயும் அதே கூத்து. சாப்பிட வாங்கன்னா, "எட்டு இருபத்தாறுக்கு வர்றேன்"னு பதில் வரும். சொன்ன நிமிஷத்துக்கு வந்து நிப்பாரு.

நிப்பாருன்னுதான் சொல்றேன், உட்காருவாருன்னு சொல்லல. அந்த மைக் முன்னாடி மட்டும்தான் மனுஷன் அடங்கி உட்காருவாரு. வீட்டுக்குள்ள வந்தா கால்ல சக்கரம். நல்லா ஓடுற ஃபேனைக் கழட்டுவாரு, திரும்ப மாட்டத் தெரியாம என்னைக் கூப்பிடுவாரு. நான் துணிக்கடையில பேன்ட்டு நீளம் குறைச்சு, சட்டை இடுப்பைப் பிடிச்சுத் தர்ற தையல்காரி. காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். எங்களை ஜோடி சேர்த்தவங்களைத் தேடிப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

அவருக்கு ஈறுல ரத்தம் வந்து வருஷக்கணக்காச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். கடைசியில மேல் வரிசை முன்பல் ரெண்டும் ஆட ஆரம்பிச்சப்புறம்தான் என்கூட வந்தாரு. பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்துட்டு, "ஈறைச் சுத்தம் பண்ணிடலாம் சார். கடவாப்பல் ஒண்ணை வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்திடலாம். முன்பல் ரெண்டும் நிக்காது, அடியில எலும்பே கரைஞ்சிருக்கு. எடுத்துட்டு பல் செட் கட்டணும்"னாங்க. இவரு நாற்காலியிலேர்ந்து பாதி எழுந்துட்டாரு.

அவரு வேலை செய்ற இடத்துல பல்லுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. பதினஞ்சு வருஷமா இருக்கு. இவரு சேரவே இல்ல, ஏன்னா சேர்றதுக்கு நாலு பக்க ஃபாரம் நிரப்பணும். உட்கார்ந்து நாலு பக்கம் எழுதுற ஆளா இவரு? பல் ஆடினப்புறம் நானே நிரப்பி, நின்னபடியே கையெழுத்து போட வச்சேன்.

கூட வந்த விதிப் புத்தகத்தையும் நான்தான் படிச்சேன். ஈறு சிகிச்சைக்கு முதல் நாள்லேர்ந்தே குடுப்பாங்க. வேர் சிகிச்சைக்கு ஆறு மாசம் காத்திருக்கணும். பல் எடுக்குறது, வாயில செய்ற ஆபரேஷன், பல் செட், இதுக்கெல்லாம் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம் முடியறதுக்குள்ள தானா விழுந்த பல்லுக்குப் பதில் பல் கிடையாது. விழுந்ததையும் சேர்த்துக் கட்டுற செட்டுக்கும் கிடையாது. ஆக, ஆடுற ரெண்டு பல்லும் ஒரு வருஷம் வாயிலேயே இருந்தாகணும். கைக்காசு போட்டுக் கட்டுற நிலைமையில நாங்க இல்ல.

"அடிபட்டு விழுந்தா மட்டும் காத்திருக்க வேண்டாமாம். ஒரு குத்து விடட்டுமா?"ன்னு கேட்டேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு.

அதோட சிரிப்பு நின்னு போச்சு. நிலைய மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "நிமிஷம், ஜனங்களுக்கு மணி தெளிவா கேக்கணும். முன்பல் போய்ப் பேச்சு குழறுச்சுன்னா உங்களைச் சாமான் வைக்கிற அறைக்கு மாத்திடுவேன், வருத்தப்படக் கூடாது"ன்னு சொல்லிட்டாரு. மைக் இல்லாத அவரை என்னால நினைச்சே பாக்க முடியல. நாள் முழுக்க நடந்தே செத்துடுவாரு.

அந்த வருஷத்தை நான் எப்படித் தள்ளினேன்னு எனக்குத்தான் தெரியும். ஈறை ஒரு தடவைக்குக் கால்வாசி வாய்னு நாலு தடவையில சுத்தம் பண்ணினாங்க. ஏழாவது மாசம் கடவாப்பல்லுக்கு வேர் சிகிச்சை முடிஞ்சுது. முன்பல்லு மட்டும் கைக்குழந்தை மாதிரி. எல்லாத்தையும் குழைச்சுக் குடுத்தேன். இவரு நாக்கு சும்மா இருந்தாத்தானே? நாக்காலத் தள்ளுவாரு, விரலால ஆட்டிப் பாப்பாரு. கையை எடுங்கன்னா எடுப்பாரு, நான் திரும்பினதும் மறுபடியும் வாய்க்குள்ள விரல் போயிடும்.

பத்தொன்பது நாள் பாக்கி. சனிக்கிழமை காலையில நான் வேலைக்குக் கிளம்பிட்டிருக்கேன். இவரு கண்ணாடி முன்னாடி நின்னு பல்லை முன்னும் பின்னும் ஆட்டிட்டிருக்காரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "உங்களுக்கு எத்தனை தடவைங்க சொல்றது"ன்னு அவரு கையில ஓங்கி ஒண்ணு போட்டேன். கை நழுவி வாயில இடிச்சுது. பல்லு வாஷ் பேசின்ல விழுந்து உருண்டுச்சு.

ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம். அப்புறம் பழக்கதோஷம், தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்தாரு. "ஆறு நாற்பத்திரண்டு"ன்னாரு. 'த்' வந்த இடத்துல வெறும் காத்துதான் வந்துச்சு.

நான்தான் யோசனை சொன்னேன். சேத்து வச்ச லீவையெல்லாம் எடுங்க, ஒரு வருஷம் முடிஞ்ச மறுநாள் டாக்டரம்மாகிட்ட போவோம், இன்னிக்குக் காலையிலதான் விழுந்துச்சுன்னு சொல்லுங்க. சரி சரின்னு தலையாட்டினாரு. அத்தனை நாளும் வீட்டுக்குள்ள நடந்த நடையில தரையே தேய்ஞ்சிருக்கும்.

டாக்டரம்மா இன்சூரன்ஸ் பேப்பரையும் பேனாவையும் எடுத்துட்டு, "எப்ப விழுந்துச்சு சார்?"னு கேட்டாங்க. நான் இவரு காலை மிதிச்சேன்.

"போன மாசம் கடைசி சனிக்கிழமை. காலை ஆறு நாற்பத்திரண்டு."

மணியை மாத்திச் சொல்ல அவருக்கு வாயே வரல. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நிமிஷம் தப்பாச் சொன்னதில்ல, அன்னிக்காவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். டாக்டரம்மா எழுதிக்கிட்டே, "ஏதாவது அடிபட்டுச்சா?"ன்னாங்க.

என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம, "இல்லீங்க, தானா விழுந்துச்சு"ன்னாரு.

திரும்பி வர்ற வழியெல்லாம் அவரை வறுத்தெடுத்தேன். "பத்தொன்பது நாள் உங்களைக் கட்டிக் காத்தது இதுக்குத்தானா? ஒரு பொய் சொல்லத் துப்பில்லையா உங்களுக்கு?" அவரு முன்னாடி போயிட்டே இருந்தாரு. தெருமுனை திரும்புறப்பத்தான் எனக்கு உறைச்சுது. அடிபட்டுச்சுன்னு சொல்லியிருந்தா காத்திருக்காமலே பணம் கிடைச்சிருக்கும். பொய் சொல்லத் தெரியாதவரு ஒரு பொய்யைச் சொல்லிட்டுத்தான் வர்றாரு.

"நான் அடிச்சேன்னு ஏங்க சொல்லல?"

"என் பொண்டாட்டி அடிச்சு விழுந்துச்சுன்னு ஆபீஸ் பேப்பர்ல எழுதச் சொல்றியா? பணத்துக்காக வேணும்னே அடிச்சான்னு உன்னைத்தான் சொல்லுவாங்க. வா, வா."

மறுநாள் வேலைக்குப் போனாரு. 'பத்து'ன்னு சொன்னது யாருக்கும் புரியல. சாயங்காலமே சாமான் அறைக்கு மாத்திட்டாங்க. பத்து நாள் கழிச்சு இன்சூரன்ஸ் கடிதாசி வந்துச்சு, செட்டுக்கு அனுமதி இல்லைன்னு. அதைப் படிச்சிட்டு ஃபேனைக் கழட்ட ஏணியைத் தூக்கினாரு.

கடைக்கு லீவு சொல்லிட்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஃபைலைப் பாத்துட்டு, "தானா விழுந்ததுன்னு இருக்கேம்மா"ன்னா.

"அது பொய்ம்மா. நான் அடிச்சு விழுந்துச்சு. வாயில கைய வைக்காதீங்கன்னு கையிலதான் அடிச்சேன், அது போய் வாயில இடிச்சுது. வேணும்னு செய்யல. ஆனா அடிச்சது நான்தான், எழுதிக்கோ." பக்கத்து வரிசையே திரும்பிப் பாத்துச்சு, பாக்கட்டும்.

அவ பேனாவை எடுத்தா. "எந்த நாள்? எத்தனை மணிக்கு?"

"போன மாசம் கடைசி சனிக்கிழமை. காலை ஆறு நாற்பத்திரண்டு."

அவ டாக்டரம்மா எழுதின காகிதத்தைப் புரட்டி விரலை வச்சுப் பாத்தா. அப்புறம் டாக்டரம்மாவுக்கே போன் போட்டுப் பேசினா. "மேல அனுப்புறேம்மா, நான் உறுதி சொல்ல முடியாது"ன்னா.

நான் இதையெல்லாம் வீட்ல சொல்லல. மூணு வாரம் எனக்கும் தையல் ஓடல, ஊசி எங்கயோ, நெனப்பு எங்கயோ. கடிதாசி வந்தப்ப இவருதான் பிரிச்சாரு. நின்னுக்கிட்டுப் பாதி படிச்சவரு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. நெஞ்சை நிமித்தி, மைக்ல பேசுற குரல்ல திரும்ப முதல்லேர்ந்து படிச்சாரு.

"பல் செட் அனுமதிக்கப்படுகிறது. காரணம், மனைவியின் கை பட்டு அடி. நேரம், காலை ஆறு நாற்பத்திரண்டு."

அந்த 'த்'துல காத்துதான் வந்துச்சு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. இன்னொரு தடவை படிங்கன்னு சொன்னேன். எழுந்திருக்காம படிச்சாரு.