நேர்க்கோட்டில் வைத்த கழிப்பறை

கல்சோமுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கழிப்பறை. அதுவும் தனக்கில்லை, கணவர் இட்ரிசுக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். பெண்டாங் பக்கத்து வயலோரக் கிராமத்தில், தூண்கள்மேல் நிற்கிற அந்தப் பழைய மரவீட்டுக்கு ஒன்பது படி. கழிப்பறையோ கீழே, கிணற்றடியில். தினம் நாலு தடவை அவரைத் தோளில் சாய்த்து இறக்கி, உள்ளேயும் கூடவே நின்று, மறுபடி ஏற்றுவாள். உள்ளே நிற்கிற நேரத்தில் மனிதர் அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு காலத்தில் நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கியவர்.

கோலாலம்பூரில் கட்டட வரைபடம் போடுகிற மகன் ஃபைரூசிடம் சொன்னாள்: "வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் இழுத்துக் குடுடா. வீட்டுத் தரையும் அதுவும் ஒரே மட்டமா இருக்கணும். அப்பா தானா போய்ட்டுத் தானா வரணும். அவ்ளோதான்லா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். சிமெண்டுத் தூண், தட்டைக் கூரை, வயலைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி என்று வந்து இறங்கியது. கண்ணாடி கீறல் விட்டது, மழை பெய்தது, ஐந்து மாதம் ஓடியது. ஒன்பது படி ஒன்பது படியாகவே இருந்தது.

"செங்கல்லும் தகரமும் போதாதாடா?"

"அம்மா, பழைய வீட்டுக் கோடு அப்படியே நீளணும். இம்மி கோணக்கூடாது. அதான் அழகு."

கோணவே இல்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

அந்த வீட்டை இட்ரிசின் அப்பா தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்துக் கட்டியிருந்தார். தொழ வருகிறவர் திசை கேட்க வேண்டாம், சுவரைப் பார்த்து நின்றால் போதும். கிணற்றடிக் கழிப்பறையை அவர் கோணலாகக் கட்டியதும் அதனால்தான். கழிப்பறையில் யாரும் கிப்லாவைப் பார்த்து உட்காருவதில்லை.

வேலை முடிந்த அன்று இட்ரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி மதியத் தொழுகையான லுஹர் தொழுதார். முடிவில் சலாம் கொடுக்கக் கழுத்தைத் திருப்பியவர் திரும்பிய வாக்கிலேயே உறைந்துவிட்டார். புதுக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று கழிப்பறைக் கோப்பை, அவருடைய நாற்காலி பார்த்த அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுல... ஒக்கார மாட்டேன்" என்றார், குழறலாக.

கல்சோமுக்கு ரத்தம் கொதித்தது. கொத்தனார் சுகினோவைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் அஞ்சு வேள தொழுறவன்தானே? கண்ணு பொடரியிலயா இருந்துச்சு?"

"மக்சிக்கம்மா, பேப்பர்ல இருந்தபடிதான் வச்சேன். ஒங்க மகன் கோடு, கோடுன்னு உயிர எடுத்தாரு. நீங்களும் தினம் கோப்பி கொண்டாந்து பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

நேற்று அந்தக் கோப்பையைத் தேய்த்துத் துடைத்ததே அவள்தான். தன் தலையிலேயே நாலு போடலாம் போலிருந்தது.

ஃபைரூஸ் போனில் சமாதானம் சொன்னான். "சுவருக்குள்ள இருந்தா பரவால்லன்னு சொல்றவங்களும் இருக்காங்கம்மா. கொஞ்சம் சாஞ்சு ஒக்காரச் சொல்லுங்க."

"சாஞ்சு ஒக்கார்ற ஒடம்பாடா அது? நேரா எந்திரிக்கவே கம்பியப் புடிக்கணும்! வந்து ஒடச்சுத் திருப்பு. ஒன் அழகும் நீயும்!"

தரை ஓடுகளை உடைத்துக் குழாயை மாற்றிக் கோப்பையைத் திருப்ப இன்னும் மூன்று வாரம். அத்தனை நாளும் படியேற்றம்தான். அவள் இடுப்பு விட்டுப்போனது. வேலையை முடித்த சுகினோ நோன்புப் பெருநாளுக்குச் சொந்த ஊரான ஜாவாவுக்குக் கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை இட்ரிஸ் சுவரைப் பிடித்துத் தனியாக நடந்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. எட்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். கல்சோம் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

"அபாங்!" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

"சோம்... கம்பி... முதுகுப் பக்கம் இருக்கு."

கோப்பையைத் திருப்பிய புண்ணியவான்கள் கைப்பிடிக் கம்பியைப் பழைய சுவரிலேயே விட்டிருந்தார்கள். அவளும்தான் பார்க்கவில்லை. மறுபடியும்! பாழாய்ப் போன கண்! சுகினோ விட்டுப்போன சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "தள்ளி இருங்க, கதவ ஒடைக்கிறேன்!"

"ஒடைக்காத."

"அடி பட்டுச்சா? என்னத்தப் புடிச்சு எந்திரிப்பீங்க?"

"படல. ஒடைக்காதன்னா... ஒடைக்காத. இரு."

அந்தக் குரலைக் கேட்டுச் சுத்தியல் தானாக இறங்கியது. கதவடியில் உட்கார்ந்தாள். உள்ளே உராய்ந்தது, மூச்சு வாங்கியது, மறுபடி விழுந்தது. மகனையும் கொத்தனையும் தன்னையும் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். கதவை மட்டும் தொடவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. இட்ரிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கம்பிய மாத்தச் சொல்லு" என்றார். "தாழ்ப்பாள்ல மட்டும்... யாரும் கை வைக்க வேணாம்."